பமேலா வீட்டு மூங்கில்

1

இந்த வருட ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டு வாசலில் பச்சையாக எதையும் கட்டவில்லை. இனிமேல் கட்டுவதில்லை என்று வீட்டில் தீர்மானமே போட்டிருக்கிறோம். சட்டம் படிக்கும் என் மகள் இனியா அதை என்னிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டாள். ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, இவனும் வெள்ளைக்காரனாகிவிட்டான் என்று தோன்றலாம். விஷயம் அதுவல்ல. விஷயத்தைச் சொன்னால் அதைவிட மோசமாக நினைப்பீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மனு எழுதுவதில் ஆரணிக்காரனுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் மனு எழுதுவோம், அப்புறம்தான் மூக்கைப் பொத்துவோம். நான் ஊரை விட்டு வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. பேச்சில் 'இன்னா' கூடக் குறைந்துவிட்டது. மனு எழுதும் கை மட்டும் குறையவில்லை. ஆகவே இந்த ஏப்ரலில், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் எங்கள் சிறு நகரத்தின் நகராட்சிக்கு, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வளரும் ஒரு செடியைப் பற்றிப் புகார் எழுதினேன்.

செடியின் பெயர் ஜப்பானிய நாட்வீட். மூங்கில் மாதிரி கணுக்கணுவான தண்டு, வெற்றிலை மாதிரி இலை, கோடை முடியும்போது வெள்ளைப் பூங்கொத்து. எந்தக் காலத்திலோ யாரோ அழகுக்காக இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தது. இப்போது சிமெண்டைப் பிளந்துகொண்டு வருகிறது. விரல் நீளத் துண்டு ஒன்று மண்ணில் கிடந்தால் போதும், அடுத்த வருடம் ஒரு புதர். அது இருக்கும் வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் யோசிக்கும் என்பதால், அதன் பெயரைச் சொல்லும்போது இங்கே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நம் ஊரில் அம்மை போட்ட வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அது வளர்ந்தது பமேலாவின் தோட்டத்தில், எங்கள் இருவருக்கும் பொதுவான மரவேலியை ஒட்டி, அவருடைய ஆப்பிள் மரத்தடியில். பமேலா ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடமாக அவர் ஆப்பிள் ஜாம் கொடுப்பார், என் மனைவி மாலதி முறுக்கு கொடுப்பாள். வேலிக்கு மேலே பாட்டில் வரும், டப்பா போகும். இதைத் தவிர எங்களுக்குள் வம்பு கிடையாது. ஆனால் இந்த வசந்தத்தில் அந்தச் செடி வேலிக்கு அடியில் நுழைந்து, என் பக்கம் பதித்திருந்த கல்லை ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தியது. எனக்குள் இருந்த மனுதாரர் விழித்துக்கொண்டார்.

நகராட்சியின் வலைத்தளத்தில் 'உங்கள் தொல்லை எந்த வகை?' என்று கேட்டு ஒரு பட்டியல் விரிந்தது. எலி இருந்தது, குளவி இருந்தது, உரத்த இசை இருந்தது. செடி இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினேன். இந்த நாட்டுப் படிவங்களில் இருபத்தோரு வருடமாக நான் அழுத்தி வருவது அதைத்தான். பிறகு, நம் ஊர் மனுவின் வாசகங்களை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். தாழ்மையுடன் வேண்டுகிறேன், மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன், தாங்களே கதி. ஆறு வாரத்தில் பதில் வந்தது. இரண்டு தனியார் தோட்டங்களுக்கு இடையிலான செடி எங்கள் பொறுப்பல்ல, பக்கத்து வீட்டாரிடம் பேசிப் பாருங்கள் என்பது முதல் பத்தி. மனம் சோர்ந்திருப்பவர்கள் எந்த நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய தொலைபேசி எண் இரண்டாவது பத்தி.

பேசிப் பார்க்கச் சொன்னார்கள். நான் கடிதம் எழுதினேன். பமேலாவின் சமையலறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் பதினைந்தடி இருக்கும். அதற்குத் தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். 'உங்கள் தோட்டத்துச் செடியால் என் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டுள்ளது' என்று தொடங்கும் கடிதம். படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

நான்கு நாள் கழித்து பமேலா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். கடிதம் கிடைத்தது என்றார். அந்தச் செடி உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மன்னியுங்கள் என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாடத்தை நன்றாக ஒப்பித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று கோதாவரி தமிழ்நாட்டில் ஓடுகிறது என்று சொன்னால் ஆசிரியை பார்ப்பாரே, அந்தப் பார்வை. குற்ற உணர்ச்சி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

2

ஆரணியில் எனக்கு ஒரு காலி மனை இருக்கிறது. வெளிநாட்டுக்கு வந்தவன் எவனுக்கும் ஊரில் ஒன்று இருக்கும். கடவுச்சீட்டைவிட அதைத்தான் நாங்கள் அதிகம் நம்புகிறோம். ஓய்வுபெற்றதும் போய் வீடு கட்டுவது என்று திட்டம். பன்னிரண்டு வருடமாகத் திட்டம் வளரவில்லை. மனையில் சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கிறது.

மனைக்கு அடுத்த வீடு சேகருடையது. இரண்டு பட்டுத்தறி ஓடும் வீடு. என்னைவிட எட்டு வயது இளையவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாட்ஸப்பில் கூப்பிடுவார். தறிக்குப் புதுப் பாவு, அதாவது நெடுக்கு இழை, வந்தால், மூன்று சேலைக்கான நீளத்தையும் விடிகாலையில் சந்தில் இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பார்த்து, அறுந்ததைப் பிணைத்து, பிறகுதான் உருளையில் சுற்ற வேண்டும். அந்தச் சந்து என் மனையை ஒட்டித்தான் போகிறது. என் மனையின் முள் அந்தச் சந்துக்குள் கை நீட்டிக்கொண்டிருந்தது.

சேகர் இதை நேரடியாகச் சொல்லமாட்டார். வெளிநாட்டிலிருக்கும் அண்ணனை நோகடிக்கக்கூடாது என்று சுற்றி வளைப்பார்.

"அண்ணா, உங்க காட்ல மயிலு வந்து கீதுண்ணா."

"அப்படியா?"

"ஜோடியா. இன்னும் ரெண்டு வருசம் வுட்டா ஃபாரஸ்ட்காரங்க வந்து போர்டு வெச்சிருவாங்க. அப்புறம் உங்க மனைக்குள்ள போறதுக்கு நீங்களே பர்மிசன் வாங்கணும்."

நான் சிரிப்பேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது சுத்தம் செய்துவிடலாம் என்பேன். அந்த விடுமுறையில் மாமனார் வீடு, இரண்டு கல்யாணம், பல் வைத்தியம் என்று நாட்கள் போய்விடும். ஒரு தடவை, முனிசிபாலிட்டியில் மனு கொடுத்துப் பாருங்களேன் என்று சேகருக்கு யோசனை சொன்னேன். என் மனைக்கு எதிராக என்ன எழுத வேண்டும் என்று வாசகமும் நானே சொல்லிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உங்க மேல நான் மனு குடுத்தா தெருவுல என்னப் பத்தி இன்னான்னு நினைப்பாங்க என்று மட்டும் கேட்டார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குரலில் மயில் இல்லை. அரக்கு நிறப் பாவு. நீட்டிக் கட்டியிருந்தபோது காற்று ஒரு தள்ளுத் தள்ளியிருக்கிறது, பாவு போய் முள்ளில் சாய்ந்துவிட்டது. இழுத்தால் இன்னும் அறும் என்பதால் கத்தரிக்கோலால் முள்ளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"பேஜாராயிடுச்சிண்ணா. நானும் எங்கூட்டுக்காரியும் ரெண்டு நாளா இழை பிணைச்சிகினு கீறோம். கண்ணு எரியுது."

நான் "அடடா" என்றேன். மனப்பூர்வமான அடடாதான், குறை சொல்ல முடியாது. கடல் கடந்து அனுப்புவதற்கு அதைவிட லேசான பொருள் கிடையாது. அன்று மாலையே உட்கார்ந்து நகராட்சிக்கான மனுவுக்குக் குறிப்பெடுத்தேன். பக்கத்து வீட்டுச் செடியால் ஒரு மனிதன் படும் பாட்டைப் பற்றி எனக்கு அன்று வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன.

3

மே மாதம் பமேலா வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டார்கள். அவருடைய ஒரே மகள் கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறார். நாற்பது வயதில் முதல் குழந்தை, செப்டம்பரில். துணைக்கு வேறு ஆள் கிடையாது. நம் ஊரில் பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவாள். இங்கே தாய் வீட்டையே விற்றுவிட்டு மகளிடம் போகிறார். இதை மாலதியிடம் சொன்னேன். அவள் பிரசவ லேகியத்துக்குச் சாமான் இருக்கிறதா என்று பார்க்க அலமாரியைத் திறந்தாள்.

ஓர் இளம் தம்பதி வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது, விலையும் பேசியாயிற்று. ஜூனில் வங்கி சார்பில் வீட்டைச் சோதிக்க ஒருவர் வந்தார். கையில் ஒரு பலகைக் கணினி, காலில் நீண்ட பூட்ஸ். ஆப்பிள் மரத்தடியில் நின்று வெகுநேரம் படம் எடுத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, இந்தச் செடி இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஈரத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மறைந்திருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெரியும், ஏற்கெனவே எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லி அதையும் குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் வங்கி பின்வாங்கியது. தம்பதியும் பின்வாங்கினார்கள். இங்கே வீட்டை விற்கிறவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாட்வீட் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா, புகார் வந்ததா என்று இன்னொரு கேள்வி. செடி ஒரு தடை, என் கடிதம் இன்னொரு தடை. பமேலா பொய் எழுதுகிறவர் இல்லை. அந்தக் கடிதத்தை ஒரு கோப்பில் தேதி போட்டு வைத்திருந்தார். இனி எத்தனை பேர் வந்து பார்த்தாலும் அந்தக் கோப்பைக் காட்டியாக வேண்டும். இதையெல்லாம் அவர் என்னைக் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. பேருந்து தாமதம் என்று சொல்வது போலச் சொன்னார். செப்டம்பருக்குள் முடியாது போலிருக்கிறது என்று மட்டும் கடைசியில் சொல்லி, ஜாம் பாட்டிலை நீட்டினார்.

மாலதி அந்த ஜாமைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசை நடுவில், நான் உட்காரும் நாற்காலிக்கு நேராக வைத்தாள்.

இனியா வேறு ஊரில் தங்கிச் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் விருந்தாளியாக வருகிறாள். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள். நான் ஆங்கிலத்தில் எழுதுவதைப் பார்த்தால் கேட்காமலே திருத்துவாள். இந்தச் செடி விஷயத்தில் மட்டும் அவளுக்கு என் மேல் புது மரியாதை. கல் பெயர்ந்ததைப் படம் எடுத்துக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு ரொம்ப ஸ்ட்ராங்கான கேஸ்" என்றாள். பல வருடத்தில் என் மகள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது. கொஞ்ச நாள்தான்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேகர் கூப்பிட்டார். என் கஷ்டத்தையும் ஊரில் ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று தொலைபேசியை வேலிக்கு மேல் தூக்கிக் காட்டினேன். பாருங்க சேகர், நான் இங்கே எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. செடி ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது.

சேகர் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். கணுவைக் காட்டச் சொன்னார், இலையைக் காட்டச் சொன்னார். தறிக்காரர் கண், சேலையில் ஓர் இழை மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கும்.

"இன்னாண்ணா, இது உங்க வூட்டு ஆயுத பூசை வாழைமரம் ஆச்சே?"

என்ன உளறுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதாண்ணா போட்டோ அனுப்பிச்சீங்க. நாங்கூட நம்ம தெரு குரூப்ல போட்டேன். இருங்க."

ஒரு நிமிடத்தில் படம் வந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. எங்கள் வீட்டு வாசல் கம்பங்கள் இரண்டிலும் சிவப்புக் கம்பளி நூலால் கட்டிய இரண்டு நெடிய பச்சைத் தண்டுகள், உச்சியில் வெள்ளைப் பூங்கொத்தோடு. நடுவில் குளிர்காலக் காற்சட்டைக்கு மேல் வேட்டி கட்டிய நான். கீழே என் கைப்பட எழுதிய வரி: 'வாழை இல்லாத ஊரில் மூங்கிலுக்கு வாழை வேஷம்!'

படத்தையும் வேலிக்கு அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே கணு, அதே இலை, பூ மட்டும் இன்னும் வரவில்லை.

"உங்களுக்கு இதுல நல்ல கைராசி கீதுண்ணா," என்றார் சேகர். "இங்க ஒரு காடு, அங்க ஒரு காடு."

அந்த வருடம் நடந்தது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. என் அப்பா, தறியில் சேலை டிசைன் விழுவதற்கான அட்டையில் துளை குத்துகிறவர். அவருடைய குத்தூசி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதையும் மடிக்கணினியையும் சேர்த்து வைத்துப் பொட்டு வைப்போம். எல்லாம் இருந்தது, வாசலுக்கு வாழைக்கன்று மட்டும் இல்லை. வாசல் மொட்டையாக இருக்கிறது என்று மாலதி குறைப்பட்டாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சரிவில் மூங்கில் மாதிரி மண்டிக் கிடக்கிறதே என்று போய் இரண்டை வெட்டிக்கொண்டு வந்தேன். மாலதி இலையைத் தடவிப் பார்த்தாள். "மூங்கிலும் மங்களம், வெத்தலயும் மங்களம். இது ரெண்டுமா கீது," என்றாள்.

கட்டியதில் தவறில்லை. தவறு மூன்றாம் நாள் நடந்தது. சாமிக்குக் கட்டியதைக் குப்பைத் தொட்டியில் போட முடியுமா? ஊராக இருந்தால் ஏரியில் விடுவோம், இல்லை கால் படாத மரத்தடியில் போடுவோம். எங்கள் தோட்டத்தில் பாதிக்குக் கல் பதித்திருந்தது, மீதி புல். மரம் என்று ஒன்று இல்லை. பக்கத்தில் இருந்த ஒரே மரம் பமேலாவின் ஆப்பிள் மரம். வேலிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. தண்டுகளைத் துண்டாக ஒடித்து, அந்த இடைவெளி வழியாக மரத்தடிக்குத் தள்ளினேன். கேட்காமல் பிறர் தோட்டத்தில் போடுகிறோமே என்று தோன்றவில்லை. புனிதமான காரியம் செய்கிறவனுக்கு அனுமதி எதற்கு? மாலதி கலச நீரையும் அதன் மேலேயே ஊற்றினாள். வீணாகக்கூடாது அல்லவா.

தொட்டியில் போட்டிருந்தால்கூட இவ்வளவு வினை வந்திருக்காது. ஒரு கொடிய களையைக் கணுக்கணுவாக நறுக்கி, ஈர மண்ணில் பரப்பி, புனித நீர் வார்த்து, கும்பிட்டு வளர்த்தவன் இந்த ஆங்கிலேய மண்ணில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்கு எதிராக நகராட்சிக்கு மனுவும் போட்டவன்.

5

இனியாவிடம் படத்தைக் காட்டினேன். அவள் ஒரு வக்கீல் முகம் வைத்திருக்கிறாள், அதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா, ப்ளீஸ். வாயால எதையும் ஒத்துக்காதீங்க. எழுத்துல கண்டிப்பா வேணாம்."

"செய்தது நாம்தானே?"

"யாரும் பாக்கல. ஸ்டேஷன் பக்கத்திலேருந்து அதுவா வந்திருக்கலாம். யாராலும் ப்ரூவ் பண்ண முடியாது."

மாலதி ஜாம் பாட்டிலை எடுத்துத் துடைத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். "ப்ரூவ் பண்றது கெடக்கட்டும்," என்றாள். "அந்தம்மாவுக்குப் பேரப்புள்ள பொறக்கப் போவுது. நீங்க போறீங்களா, நான் போவட்டுமா?"

நான் சட்டையை மாற்றிக்கொண்டேன். மனு எழுதிப் பழகிய கைக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. இரண்டு தடவை பொத்தானை மாற்றிப் போட்டேன். வாசலில் பார்த்தால் இனியா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் இல்லாமல் போகக்கூடாது என்றாள். நீ வேண்டாம் என்று சொன்னாயே என்றேன். "அட்வைஸ் குடுக்கறது என் வேலை, கேக்காம போறது உங்க வேலை," என்றாள். முழு வாக்கியமும் ஏறக்குறையத் தமிழில் இருந்தது.

பமேலா எங்களைச் சமையலறையில் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றினார். நான் ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்தேன். அது தவறான இடம். வருடத்தில் ஒரு நாள் கருவிகளைக் கும்பிடுவோம் என்று விளக்கி, ஏன் தறி, ஏன் மடிக்கணினி, ஏன் வாழை என்று போய், ரயில் நிலையச் சரிவை அடைவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. கடைசியில் கைப்பேசியில் இருந்த படத்தை அவர் முன் வைத்துவிட்டு, அது நான் போட்டது, உங்கள் மரத்தடியில், உங்களைக் கேட்காமல், என்றேன்.

அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். அந்த நிதானத்தை மட்டும் தர முடியாது.

"தெரியும்," என்றார். "நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்."

இனியாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"இதே ஜன்னலிலிருந்து. நீங்கள் வேலிக்கு அடியில் எதையோ தள்ளினீர்கள். உங்கள் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். பிறகு மூன்று பேரும் என் ஆப்பிள் மரத்தைப் பார்த்துக் கைகூப்பினீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மரம் அதுவரை பரிசு எதுவும் வாங்கியதில்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். வகுப்பு அடங்கியது.

"அடுத்த வசந்தத்தில் அது முளைத்தது. தோட்டவேலைக்கு வருகிறவர் வெட்டப் போனார். தொடாதே, அது பக்கத்து வீட்டாரின் கோயில் என்றேன். ஒவ்வொரு வருடமும் வெட்ட வருவார், ஒவ்வொரு வருடமும் தடுப்பேன். பூ வந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்."

"பிறகு என் கடிதம் வந்தது," என்றேன்.

"ஆமாம். அதைப் பல தடவை படித்தேன். உங்கள் மதத்தில் ஏதோ மாறுதல் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதைக் கேட்பது மரியாதையாக இருக்காது."

முதலில் சிரித்தது இனியா. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்காமல் போட்டேன், அவர் கேட்காமல் வளர்த்தார். பதினைந்தடி தூரத்தில் ஆறு வருடம் இரண்டு பேரும் மரியாதையாக இருந்தே ஒரு வீட்டை விற்க முடியாமல் செய்திருக்கிறோம்.

பமேலாவும் சிரிக்கவில்லை. புதிதாகத் தேநீர் ஊற்றினார். "குழந்தை செப்டம்பரில் வருகிறது," என்றார். "அதற்குள் என்ன செய்யலாம், சொல்லுங்கள்."

6

என் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே கஷ்டமான மனு, அதற்குப் பிறகு பமேலாவின் கோப்புக்காக எழுதியதுதான். முந்தைய புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். மேற்படி செடியைக் கொண்டுவந்து போட்டவன் நானே. இந்தத் தகராறில் புகார்தாரரும் எதிர்த்தரப்பும் ஒருவரே. எதையும் எழுத்தில் ஒத்துக்கொள்ளாதே என்ற வக்கீலம்மாதான் அதை உட்கார்ந்து திருத்தித் தந்தாள். 'தாங்களே கதி'யை மட்டும் அடித்துவிட்டாள்.

நாட்வீட்டை ஒழிப்பதையே தொழிலாகச் செய்யும் கம்பெனி ஒன்றை அமர்த்தினேன். ஒரே நாளில் பிடுங்கி எறிகிற காரியமில்லை அது. வருடா வருடம் வந்து, வேலிக்கு இரண்டு பக்கமும் மருந்தடித்து, இனி வராது என்று கடைசியில் உறுதிப் பத்திரம் தருவார்கள். முழுச் செலவும் என் தலையில் என்று கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை மருந்தடிக்க வந்த ஆள், இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். வழிபாடு என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. இந்த நாட்டில் யாரும் மேலே கேட்பதில்லை. அதனால்தான் அவருக்கு வேலை இருக்கிறது.

காகிதங்கள் ஜூலையில் போயின. வங்கி மூன்று வாரம் யோசித்தது. அந்த மூன்று வாரமும் மாலதி ஜாம் பாட்டிலை நகர்த்தவில்லை. பிறகு அதே தம்பதி, அதே விலை, ஆகஸ்டு கடைசியில் சாவி.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக நானே சேகரைக் கூப்பிட்டேன். கண்ணமங்கலத்தில் ஜேசிபி வைத்திருக்கும் ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டேன்.

"உடம்பு நல்லா கீதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

இரண்டு நாளில் வேரோடு எடுத்துவிட்டார்கள். மயில் ஜோடி படவேட்டுப் பக்கம் குடி போய்விட்டதாகத் தகவல். அடுத்த வாரம் சேகர் ஒரு காணொளி அனுப்பினார். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பாவு, இந்தத் தடவை சந்தில் இல்லை. என் மனையின் குறுக்கே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. சந்தைவிட இடம் தாராளம், வண்டி வந்தால் அவிழ்க்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்துகூடப் பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். பாவின் மேல் கைகள் ஓடி ஓடி இழை பார்த்துக்கொண்டிருந்தன. மனை முதல் தடவையாக உபயோகத்தில் இருந்தது.

"எப்பண்ணா ஊருக்கு வந்து வூடு கட்டப் போறீங்க?" என்றார் சேகர் கடைசியில். பன்னிரண்டு வருடமாக அவர் கேட்கும் கேள்விதான். இந்தத் தடவை குரலில் கவலை இருந்தது.

ஜல்தியா ஒன்றும் இல்லை, பயப்படாதீங்க என்றேன்.

பமேலா கிளம்பிய அன்று மாலதி லேகியத்தை ஒரு பாட்டிலில் போட்டு, எப்போது, எவ்வளவு என்று இனியாவை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒட்டினாள். காலியான ஜாம் பாட்டில்தான். பத்திரத்தில் கையெழுத்தான அன்றே திறந்து தீர்த்துவிட்டோம். இந்தத் தடவை வேலிக்கு மேலே கொடுக்கவில்லை, வாசல் வழியாகப் போனோம். பமேலா காரில் உட்கார்ந்த பிறகு, பின்னிருக்கையிலிருந்து ஒரு மண்தொட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். வண்டி திரும்பும்வரை நின்றோம். குழந்தை பதினோரு நாளில் பிறந்துவிட்டது, பெண். அப்போது பமேலா பக்கத்து அறையில் இருந்தார்.

தொட்டியில் இருந்தது புதினா. அதுவும் மண்ணில் விட்டால் பரவுகிற ஜாதிதான். குச்சியில் ஒரு சீட்டு செருகியிருந்தது, அந்த அழகான ஆசிரியை எழுத்தில்: 'புதினா. தொட்டியிலேயே இருக்கட்டும். தயவுசெய்து கும்பிட வேண்டாம்.'

ஆயுத பூஜையன்று குத்தூசிக்கும் மடிக்கணினிக்கும் பொட்டு வைத்தோம். வாசல் மொட்டையாக இருந்தது. மாலதி தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துவையல் அரைத்துவிட்டாள்.